மாறுபாடும் மதிப்பும்

மக்கள் கூடி வாழும் இடத்தில் கருத்து வேற்றுமை தோன்றுதல் இயல்பு. ஒரு தாய் வயிற்றில் பிறந்த இருவர்க்கும் விருப்பும் வெறுப்பும் ஒன்றாக அமைவதில்லை. அங்ஙனமாக, கோடிக்கணக்கான மக்கள் வாழும் நாட்டில், வரி எவ்வளவு விதிக்கலாம், பள்ளியில் எம்மொழியைப் பயிற்றலாம், நிலம் யாருக்கு உரியது என்பன போன்ற வினாக்களுக்கு யாவரும் ஒரே விடை கூறுவர் என எதிர்பார்த்தல் பேதைமையாகும். யாவரும் ஒரே விடை கூறும் நாடு ஒன்று உண்டாயின், அந்நாட்டு மக்கள் அஞ்சி வாய்மூடி இருக்கின்றனர் என்றே நாம் கருதல் வேண்டும்.

ஆகவே, மாறுபடலாமா, கூடாதா என்பது நம் முன் நிற்கும் வினா அன்று. எவ்வாறு மாறுபடுவது என்பதே வினா. குடியாட்சியில் தேர்தல் வரும், ஒருவர் வெல்வர், ஒருவர் தோற்பர். ஆனால், தேர்தல் முடிந்த மறுநாள் காலையில் வென்றவர்க்கு வாக்களித்தவரும் தோற்றவர்க்கு வாக்களித்தவரும் ஒரே தெருவில் நடந்து, ஒரே கடையில் அரிசி வாங்கி, தம் பிள்ளைகளை ஒரே பள்ளிக்கு அனுப்ப வேண்டியவர்களே. மாறுபாடு பகையாக முற்றிவிடின் இவ்வாழ்க்கை இயலாது. மாறுபாட்டை அடக்கிவிடினோ, குறையுடையார் தம் குறையை எடுத்துரைக்க வழியின்றித் தவிப்பர். இவ்விரு கேட்டிற்கும் இடையே செல்லும் வழி ஒன்று உண்டு. அதனைத் திருச்சிராப்பள்ளியோடும், சீரங்கம் என வழங்கும் திருவரங்கத்தோடும் தொடர்புடைய பெருமக்கள் சிலரின் வரலாற்றைக் கொண்டு இப்பாடத்தில் ஆராய்வோம்.

முன்னோர் வகுத்த முறை

வாதம் புரிதல் தமிழர்க்குப் புதியதன்று. காவிரிப்பூம்பட்டினத்தில் இந்திர விழா நடைபெறப் போவதை முரசறைவோன் அறிவித்த செய்தியை மணிமேகலைக் காப்பியம் கூறுகின்றது. தெருக்களை அணி செய்யுமாறு கூறும் அவன், வேறு இரண்டு செய்திகளையும் கூறுகின்றான். தத்தம் சமயப் பொருளை வாதிட வல்லவர் பட்டிமண்டபத்தில் முறையறிந்து ஏறுக என்பது ஒன்று; மனம் ஒவ்வாதாரோடும் சினமும் கலகமும் கொள்ளாது விலகிச் செல்க என்பது மற்றொன்று. வாதத்திற்கு மேடை அமைத்துத் தந்த அதே ஆணை கலகத்திற்குக் கதவடைத்தது என்பதை நோக்குக.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், நூலாசிரியர் கொள்ளும் மதம் ஏழு வகைப்படும் என்று கூறும். மதம் என்பது ஈண்டுக் கொள்கை என்னும் பொருளது. பிறர் கொள்கைக்கு உடன்படுதல் முதல் வகை. அதனை மறுத்தல் இரண்டாவது வகை. மூன்றாவது வகையே நாம் கருதத்தக்கது. பிறர் கொள்கையை முதலில் மேற்கொண்டு, அதன் வழியே சிறிது தூரம் சென்று பார்த்து, பின்னர் அதனைக் களைதல் அவ்வகையாகும். உடன்படுதலும் மறுத்தலும் எளியன. பிறர் கருத்தைத் தன் தோள்மேல் ஏற்றிச் சுமந்து பார்த்த பின்னரே இறக்கி வைத்தல் அரிது. ஆயினும், இலக்கணம் வகுத்த சான்றோர் அதனையும் கற்க வேண்டும் என்று விதித்தனர்.

அதே நூற்றாண்டினராகிய அருணந்தி சிவாசாரியார் தாம் செய்த சிவஞான சித்தியாரைப் பரபக்கம், சுபக்கம் என இரு பகுதிகளாக வகுத்தார். பரபக்கம் என்பது பிறர் பக்கம். சுபக்கம் என்பது தம் பக்கம். தமக்கு உடன்பாடில்லாத சமயக் கொள்கைகளை ஒவ்வொன்றாக எடுத்து, அவற்றை மேற்கொண்டவர் கூறும் முறையிலேயே கூறி, பின்னரே மறுக்கின்றார். பரபக்கத்தை நன்கு உரைக்க இயலாதவர்க்குச் சுபக்கத்தை உரைக்கும் உரிமை முழுமையாக வாய்ப்பதில்லை என்பது இவ்வமைப்பினால் பெறப்படும்.

திருவரங்கத்தில் இராமானுசரோடு யக்ஞமூர்த்தி என்னும் அறிஞர் பல நாள் வாதிட்டார் எனக் குருபரம்பரை நூல்கள் கூறும். வாதத்தின் முடிவில் யக்ஞமூர்த்தி தம் தோல்வியை ஒப்புக்கொண்டார். இராமானுசர் அவரை இகழவில்லை. ‘எம்பெருமானார்’ என்னும் தம் சிறப்புப் பெயரையே அவர் பெயரோடு இணைத்து, ‘அருளாளப் பெருமாள் எம்பெருமானார்’ என அழைத்தார். தோற்றவர் என ஒதுங்கி நிற்க வேண்டியவர் ஞானசாரம், பிரமேயசாரம் என்னும் தமிழ் நூல்களை இயற்றிய ஆசிரியராக விளங்கினார். இவை பண்டை நாளைச் சமய வாதங்கள். இனி, அரசியல் வாதத்திற்கு வருவோம்.

இலண்டனில் ஒரு விருந்து

1909-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் முதல் நாள், இலண்டன் மாநகரில் கர்சன் வைலி என்னும் ஆங்கில அதிகாரியை மதன்லால் திங்ரா என்னும் இந்திய மாணவர் சுட்டுக் கொன்றார். அடுத்த மாதமே அவர் தூக்கிலிடப்பட்டார். ஆயுதப் புரட்சியினாலேயே இந்தியா விடுதலை பெறும் என்று நம்பிய இளைஞர் பலர் அந்நாளில் இலண்டனில் ‘இந்தியா ஹவுஸ்’ என்னும் விடுதியைச் சார்ந்து வாழ்ந்தனர். சாவர்க்கர் அவர்களுக்குத் தலைவர். திருச்சிராப்பள்ளியை அடுத்த வரகனேரியில் பிறந்து, சட்டம் பயிலச் சென்றிருந்த வ. வே. சு. ஐயரும், திருவரங்கத்தில் பிறந்து, மருத்துவம் பயிலச் சென்றிருந்த தி. சே. சௌ. ராஜனும் அவ்விளைஞருள் இருந்தனர்.

கொலை நிகழ்ந்த சில நாட்களுக்குள், தென்னாப்பிரிக்க இந்தியரின் குறைகளை எடுத்துரைக்கக் காந்தியடிகள் இலண்டனுக்கு வந்து சேர்ந்தார். திங்ராவின் செயலை அவர் வெளிப்படையாகக் கண்டித்தார். கொலையினால் கிடைக்கும் ஆட்சி கொலைஞர் ஆட்சியாகவே முடியும் என்பது அவர் கருத்து. தம் தோழரைத் தூக்குமேடையில் இழந்த இளைஞர்க்கு இக்கண்டனம் எவ்வளவு கசந்திருக்கும் என்பதை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

ஆயினும், அவ்வாண்டு அக்டோபர்த் திங்கள் 24-ஆம் நாள் நடந்த விசயதசமி விருந்துக்குத் தலைமை தாங்குமாறு அவ்விளைஞர்கள் காந்தியடிகளை அழைத்தனர். உணவு மரக்கறி உணவாக இருத்தல் வேண்டும். சச்சரவுக்கு இடமாகும் அரசியலைப் பேசலாகாது என்னும் இரண்டு நிபந்தனைகளோடு அவர் இசைந்தார். விருந்து நாளன்று ராஜனும் நண்பர் சிலரும் சமையல் வேலையில் ஈடுபட்டிருந்தனர். மெலிந்த உருவினர் ஒருவர் வந்து, பாத்திரம் துலக்கியும் காய்கறிகளைத் தூய்மை செய்தும் அவர்களுக்கு உதவினார். யாரோ உதவிக்கு வந்தவர் என்றே அவர்கள் எண்ணினர். பின்னர் ஐயர் அங்கு வந்தபோதுதான் அவரே அன்றைய விருந்தின் தலைவராகிய காந்தியடிகள் என்பது அவர்களுக்குத் தெரிய வந்தது. இச்செய்தியை ராஜன் பிற்காலத்தில் நினைவுகூர்ந்துள்ளார்.

விருந்துக்குப் பின் காந்தியடிகளும் பேசினார், சாவர்க்கரும் பேசினார். இருவரும் இராமகாதையின் பெருமையையே பேசினர். நிபந்தனை மீறப்படவில்லை. எனினும், அவர்களுக்கிடையே இருந்த வாதம் அத்துடன் முடிந்ததா? இல்லை. விருந்து மேடையில் ஒத்திவைத்த வாதத்தைக் காந்தியடிகள் கப்பலில் அமர்ந்து முழுமையாக நடத்தினார்.

அவ்வாண்டு நவம்பர்த் திங்களில், தென்னாப்பிரிக்கா திரும்பும் வழியில், ‘கில்டோனன் காசில்’ என்னும் கப்பலில், பத்து நாட்களில் அவர் ஒரு நூலை எழுதி முடித்தார். வலக்கை சோர்ந்தபோது இடக்கையால் எழுதினார் என்பர். குசராத்தி மொழியில் எழுந்த அந்நூலே ‘ஹிந்த் சுவராஜ்’. ஆயுத வழியை நம்பிய இந்தியர்க்கு விடையாகவே அதனை எழுதியதாக அவர் பின்னர்க் குறித்துள்ளார். அவர்தம் துணிவு தம்மைக் கவர்ந்தது என்றும், அவர்கள் சென்ற வழியே தவறு என்றும் அவர் கருதினார்.

அந்நூலின் அமைப்பு நம் கருத்துக்கு உரியது. ‘வாசகர்’ என ஒருவரும் ‘ஆசிரியர்’ என ஒருவரும் உரையாடுவதாக அஃது அமைந்துள்ளது. ஆசிரியர் கூற்றே காந்தியடிகளின் கூற்று. வாசகரோ, இலண்டனில் அவர் கண்ட இளைஞர்களைப் போலப் பேசுகின்றார். இத்தாலி நாட்டினர் ஆயுதம் ஏந்தி விடுதலை பெற்றதுபோல் நாமும் பெறலாகாதா என்று கேட்கின்றார். சில ஆங்கிலேயரைக் கொன்று அச்சம் விளைவித்தால் பயன் கிடைக்காதா என்று வினவுகின்றார். ஆசிரியரின் விடை போதாதபோது மீண்டும் மடக்குகின்றார். எதிர்க்கட்சியை ஊமையாக நிறுத்திவிட்டு அதனை வெல்லுதல் எளிது. காந்தியடிகள் அதற்கு வாயும் வலிமையும் தந்து, அதன் பின்னரே விடை கூறினார். அருணந்தி சிவாசாரியார் சமயத் துறையில் கைக்கொண்ட பரபக்க முறையே அரசியல் துறையில் இவ்வாறு வேறு உருக்கொண்டது எனலாம்.

பின்னர் நிகழ்ந்தது யாது? ஐயர் 1910-இல் மாறுவேடத்தில் இங்கிலாந்தினின்று தப்பிப் புதுச்சேரியை அடைந்தார். 1920-இல் தமிழகம் திரும்பிய அவர், காந்தியடிகளின் அறவழியை ஏற்று, ‘தேசபக்தன்’ இதழின் ஆசிரியராய்ப் பணியாற்றினார். ராஜனும் காந்தியடிகளின் இயக்கத்தில் ஈடுபட்டுச் சிறை சென்றார். ஒரு விருந்தோ ஒரு நூலோ அவர்கள் உள்ளத்தை மாற்றியது என்று கூறுதல் மிகையாகும். உலகில் நிகழ்ந்தனவும் அவர்தம் சிந்தனையும் மாற்றியிருத்தல் கூடும். ஆனால் ஒன்று உறுதி. 1909-இல் காந்தியடிகள் அவர்களைக் கொலைஞர் கூட்டம் என ஒதுக்கியிருந்தாலோ, அவர்கள் இவரைக் கோழை என இழித்து விருந்துக்கு அழையாது விட்டிருந்தாலோ, பின்னாளில் அவர்கள் ஒன்றுகூடும் வழி அன்றே அடைபட்டிருக்கும்.

சேரன்மாதேவி காட்டும் பாடம்

இதுவரை கூறியவற்றைக் கேட்ட மாணவர் ஒருவர் பின்வருமாறு வினவலாம்: “ஐயா, நாகரிகமாகப் பேசுதல் நன்றே. ஆனால், ஒருவன் அவமதிக்கப்படுகிறான் எனின், அவனும் பொறுமையாகப் பேச வேண்டுமோ?” இவ்வினா மிகவும் முறையானது. இதற்கு விடை காண்பதற்கு ஐயரின் இறுதிக்கால வரலாறே உதவும்.

ஐயர் 1922-இல் தொடங்கிய தமிழ்க் குருகுலம் திருநெல்வேலிச் சீமையில் சேரன்மாதேவியில் நடைபெற்றது. தாய்மொழி வழியாகக் கல்வியும் கைத்தொழிலும் நாட்டுப்பற்றும் ஊட்டுதல் அதன் நோக்கம். தமிழ்நாட்டுக் காங்கிரசுக் குழு அதற்கு 5,000 ரூபாய் அளித்தது. அங்குப் பயின்ற பிராமணச் சிறுவர் இருவர்க்கு, பெற்றோர் விருப்பத்தின்படி, தனியே உணவு அளிக்கப்பட்டது. ஏனைய மாணவர் வேறிடத்தில் உண்டனர். இச்செய்தி வெளிப்பட்டபோது நாடெங்கும் பெருங்கிளர்ச்சி எழுந்தது. மருத்துவர் வரதராஜுலு நாயுடுவும் ஈ. வெ. ராமசாமிப் பெரியாரும் இதனை வன்மையாகக் கண்டித்தனர். பொதுப்பணத்தில் நடைபெறும் நிறுவனத்தில் பிறப்பினால் வேற்றுமை காட்டலாகாது என்பது அவர்கள் கூற்று. பெற்றோர்க்குக் கொடுத்த வாக்கை மீறலாகாது என்பது ஐயர் கூற்று. அவ்விருவரைப் பொறுத்தவரை வாக்கைக் காக்கலாம். இனி அத்தகைய நிபந்தனையோடு யாரையும் சேர்க்கலாகாது என்பது காந்தியடிகள் கூறிய சமரசம். இச்சமரசம் எதிர்த்தவர்க்கு நிறைவளிக்கவில்லை.

1925 ஏப்ரலில் ஐயர் குருகுலத் தலைமையினின்று விலகினார். அவ்வாண்டு ஜூன் மாதம் பாபநாசம் அருவியில் நீரில் வீழ்ந்த தம் மகளைக் காக்க முயன்று அவரும் உயிர் நீத்தார். அதே ஆண்டு நவம்பரில், காஞ்சிபுரம் மாநாட்டில் தம் வகுப்புரிமைத் தீர்மானம் ஏற்கப்படாமையால், பெரியார் காங்கிரசினின்று வெளியேறினார்.

இந்நிகழ்ச்சியில் நாம் அறிய வேண்டுவன இரண்டு. முதலாவது, இரு சாராரும் இருவேறு பொருள்களைப் பற்றி வாதிட்டனர். ஒரு சாரார் ஐயரின் தியாகத்தையும் நேர்மையையும் காக்க முற்பட்டனர். மற்றொரு சாரார் தனிப்பந்தியினால் தாழ்த்தப்பட்ட சிறுவரின் மானத்தைக் காக்க முற்பட்டனர். ஐயர் நல்லவர் என்பது மெய்யே. அவர் நல்லவர் என்பதனால் தனிப்பந்தி நல்லதாகிவிடாது. அவ்வாறே, தனிப்பந்தி தீயது என்பதனால் ஐயர் தீயவர் ஆகிவிடார். ஆளையும் செயலையும் பிரித்து நோக்காத இடத்தில் வாதம் விரைவில் வசையாகிவிடுகின்றது.

இரண்டாவது, மேற்கண்ட மாணவரின் வினாவுக்கு விடை. பசியோடு பந்திக்கு வந்து, “நீ அப்புறம் உட்கார்” எனக் கேட்ட சிறுவனிடம், “முதலில் மென்மையாகப் பேசக் கற்றுக்கொள்” என்று கூறுதல் நீதியன்று. அவன் குரலில் கடுமை இருப்பின், அக்கடுமையின் காரணத்தை முதலில் கேட்டறிதல் வேண்டும். பொறுமை இருபாலார்க்கும் உரிய கடமையே. எனினும், துன்புற்றவனிடம் அதனைக் கேட்குமுன், துன்பம் செய்யும் வழக்கத்தின் பயனை நுகர்பவன் அதனை மேற்கொள்ளல் வேண்டும். அநீதியைக் கண்டும் அமைதியின் பெயரால் வாய்மூடி இருத்தல் இப்பாடத்தின் கருத்தன்று.

இரண்டு நடைப்பயணங்கள்

திருச்சிராப்பள்ளியிலிருந்து எட்டாண்டு இடைவெளியில் இரண்டு நடைப்பயணங்கள் புறப்பட்டன. ஒன்றை நடத்தியவர் இராஜாஜி. மற்றொன்று அவர் ஆட்சியை எதிர்த்துப் புறப்பட்டது.

1930-ஆம் ஆண்டு ஏப்ரல் 13-ஆம் நாள், திருச்சிராப்பள்ளியில் இருந்த மருத்துவர் ராஜனின் இல்லத்திலிருந்து, உப்பு வரியை எதிர்த்து, ஏறத்தாழ நூறு தொண்டர்களோடு இராஜாஜி புறப்பட்டார். ஏறத்தாழ 150 கல் தொலைவு நடந்து, 28-ஆம் நாள் வேதாரணியத்தை அடைந்தார். 30-ஆம் நாள் உப்பெடுத்துச் சிறை புகுந்தார். தொண்டர்க்கு உணவளிப்போர் தண்டிக்கப்படுவர் எனத் தஞ்சை மாவட்ட ஆட்சியர் தார்ன் அறிவித்தார். மக்களோ உணவுப் பொட்டலங்களை வழியிலுள்ள மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டனர். இரு சாராரும் உறுதியாய் இருந்தனர். ஆயினும், தொண்டர் தடியடிக்குத் தடியடி தரவில்லை.

1937-இல் இராஜாஜி சென்னை மாகாண முதலமைச்சரானார். மருத்துவர் ராஜன் அவருடைய அமைச்சரவையில் இடம்பெற்றார். 1938 ஏப்ரலில் 125 பள்ளிகளில் இந்தியைக் கட்டாய பாடமாக்கும் ஆணை பிறந்தது. தமிழ் நலியும் என அஞ்சியோர் இதனை எதிர்த்தனர். அவ்வாண்டு ஆகஸ்டு முதல் நாள் திருச்சிராப்பள்ளியிலிருந்து தமிழர் படை ஒன்று சென்னை நோக்கி நடந்து புறப்பட்டது. பட்டுக்கோட்டை அழகிரிசாமியும் மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரும் அதில் முன்னின்றனர். ஊர்தோறும் கூட்டங்கள் நடத்திச் சென்ற அப்படை, செப்டம்பர் 11-ஆம் நாள் சென்னையை அடைந்தது. போராட்டத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் சிறை சென்றனர். நடராசன், தாளமுத்து என்னும் இளைஞர் இருவர் சிறைப்பட்ட நிலையில் 1939-இல் உயிர் நீத்தனர். பெரியாரும் தண்டனை பெற்றுச் சிறையில் இருந்தார். இறுதியில், 1940 பிப்ரவரியில் கட்டாய இந்தி நீக்கப்பட்டது.

நடைப்பயணத்தால் அரசை எதிர்த்த தலைவரே அரசராக அமர்ந்தபோது, அவரை எதிர்த்தவரும் நடைப்பயணத்தையே கைக்கொண்டனர் என்பது சிந்திக்கத்தக்கது. எதிர்க்கும் உரிமையை நாம் நமக்காக மட்டும் கேட்டல் இயலாது. இன்று நாம் ஏறும் படியில் நாளை நம்மை எதிர்ப்பவரும் ஏறுவர்.

இராஜாஜியும் பெரியாரும் பகைவரா? அவர்கள் சேலம் நகராட்சிக்கும் ஈரோடு நகராட்சிக்கும் தலைவர்களாய் இருந்த காலந்தொட்டே நண்பர்கள். பெரியார் 1919-இல் காங்கிரசில் சேர்ந்ததற்கு இராஜாஜியின் தூண்டுதலும் காரணம். கடவுள், சாதி, மொழி, கல்வி ஆகிய எதிலும் பின்னாளில் அவர்கள் ஒத்திருக்கவில்லை. பெரியாரின் சொற்கள் சிற்சில வேளைகளில் மிகக் கடுமையாகவும் இருந்தன. எனினும், 1949-இல் தம் சொந்த வாழ்வில் பெரியதொரு முடிவை மேற்கொள்ளுமுன், பெரியார் திருவண்ணாமலைக்குச் சென்று, அங்கு வந்திருந்த தலைமை ஆளுநர் இராஜாஜியைக் கண்டு பேசினார். அந்நட்பினால் பொதுவாழ்வில் எதிர்ப்புத் தளர்ந்ததா? 1953-இல் இராஜாஜி கொணர்ந்த தொடக்கக் கல்வித் திட்டம், பிள்ளைகள் அரை நாள் பள்ளியிலும் எஞ்சிய நேரம் பெற்றோர் தொழிலிலும் பயில வேண்டும் என்றது. அது சாதித் தொழிலை நிலைநிறுத்தும் எனப் பெரியார் முழுவலிமையோடு எதிர்த்தார். 1954-இல் இராஜாஜி பதவி விலகினார், திட்டமும் கைவிடப்பட்டது.

காலம் மேலும் சுழன்றது. 1938-இல் இந்தியைப் புகுத்திய இராஜாஜி, 1965-இல் இந்தி மட்டுமே ஆட்சிமொழியாவதை எதிர்த்து நின்றார். தாம் முன்பு கொண்ட கருத்தைப் பிற்காலத்தில் ஒருவர் மாற்றிக்கொள்ளக் கூடும். ஆகவே, இன்று நம்மை எதிர்ப்பவர் என்றும் எதிரணியிலேயே இருப்பர் எனக் கொள்ளலாகாது. 1972 டிசம்பர் 25-ஆம் நாள் இராஜாஜி மறைந்தபோது, தொண்ணூற்று மூன்று வயதினராகிய பெரியார் சக்கர நாற்காலியில் சுடுகாட்டுக்குச் சென்று கண்ணீர் உகுத்தார். ஐம்பதாண்டுக்கு மேற்பட்ட நட்பும், ஏறத்தாழ அத்துணை ஆண்டுகள் நீண்ட எதிர்ப்பும் ஒன்றையொன்று அழிக்காமல் அவர் உள்ளத்தில் உடன் இருந்தன.

வென்றவர் கடமை

தோல்வியில் பொறுமை வேண்டும் என்பதைப் பலரும் கூறுவர். வெற்றியில் வேண்டும் பண்பைப் பற்றிச் சிலரே கூறுவர். 1954-இல் முதலமைச்சர் பதவிக்கு நடந்த கட்சித் தேர்தலில் காமராசரை எதிர்த்து நின்றவர் சி. சுப்பிரமணியம். அவர் பெயரை முன்மொழிந்தவர் பக்தவத்சலம். வென்ற காமராசர் இருவரையும் தம் அமைச்சரவையில் சேர்த்துக்கொண்டார். அவர்தம் திறமை நாட்டுக்குப் பயன்பட்டது.

திருச்சிராப்பள்ளியில் நிகழ்ந்த மற்றொன்றையும் கூறி இப்பகுதியை முடிப்போம். பெரியாரோடு கருத்து வேறுபட்டுப் பிரிந்த அறிஞர் அண்ணா, 1949-இல் திராவிட முன்னேற்றக் கழகத்தைத் தொடங்கினார். அப்போதும், கட்சித் தலைவர்க்குரிய இடத்தைப் பெரியார்க்கு எனக் காலியாகவே விட்டார். அதன்பின் பதினெட்டு ஆண்டுகள் இருவரும் எதிரெதிர் அணியில் நின்றனர். 1967-ஆம் ஆண்டுத் தேர்தலில் பெரியார் காங்கிரசுக்கு ஆதரவாகவே பிரசாரம் செய்தார். தேர்தலில் அண்ணாவின் கட்சி வென்றது. முதலமைச்சர் பொறுப்பை ஏற்குமுன் அண்ணா தம் தோழர்களோடு திருச்சிராப்பள்ளிக்குச் சென்று, தம்மைத் தோற்கடிக்க உழைத்த தம் பழைய ஆசானைக் கண்டு வணங்கினார். யார் தவறு என்னும் கணக்கை அவர் எடுக்கவில்லை. வென்றவர் முதலில் நடந்து சென்றமையால், தோற்றவர் தலைகுனிய நேரவில்லை.

மாணவர் பயிலும் முறை

மாணவர்களே! பெருமக்கள் செயலைப் படித்து வியத்தல் மட்டும் போதாது. நம் அளவிற்கு அதனைப் பழகிக்கொள்ளல் வேண்டும். அதற்கு உங்கள் பள்ளியின் இலக்கிய மன்றமே நல்ல களம்.

ஓர் எடுத்துக்காட்டுக் கொள்வோம். மலைக்கோட்டையின் அடியிலுள்ள கடைத்தெருவில் வண்டிகளை விடலாமா, கூடாதா என்பது மன்றத்தின் வாதப்பொருள் என்க. முதற்கண், மாறுபாடு எதில் உள்ளது என்பதை ஆராய்க. ஒரு நாளில் எத்தனை பேர் அத்தெருவில் நடக்கின்றனர் என்பதில் மாறுபாடு எனின், சண்டையிட வேண்டா. சென்று எண்ணிப் பாருங்கள். கடைக்காரர் பிழைப்புப் பெரிதா, நடந்து செல்லும் முதியோர் பாதுகாப்புப் பெரிதா என்பதில் மாறுபாடு எனின், எண்ணிக்கை அதனைத் தீர்க்காது. ஒருவர் எதனை உயிரெனக் கருதுகின்றார் என்பதைக் கேட்டறிய வேண்டும். இரண்டும் வேண்டும், வழிதான் தெரியவில்லை எனின், இருவரும் ஒன்றாக அமர்ந்து வழி தேடலாம். பல சண்டைகள், இம்மூன்றுள் எது எனத் தெரியாமையாலேயே நீள்கின்றன.

அடுத்து, நீங்கள் பேசத் தொடங்குமுன் எதிரணியினர் கூறியதை உங்கள் சொற்களில் ஒருமுறை எடுத்துரையுங்கள். “ஆம், நான் கருதியது அதுவே” என்று அவர் தலையசைத்த பின்னரே மறுப்பைத் தொடங்குங்கள். தொடக்கத்தில் இது கடினமாக இருக்கும். பலமுறை அவர், “நான் அவ்வாறு கூறவில்லையே!” என்பார். அப்போதுதான், நாம் இதுகாறும் மறுத்துக்கொண்டிருந்தது அவர் கருத்தையன்று, நாமே புனைந்த ஒன்றை என்பது விளங்கும்.

மறுக்கும்போது கருத்தை மறுங்கள். அவர் சாதியையும், ஊரையும், தந்தையின் தொழிலையும், அவர் சார்ந்த கட்சியின் கொடியையும் வாதத்தில் இழுக்காதீர்கள். உங்கள் கருத்தில் உறுதியாய் இருங்கள். எந்தச் சான்று கிடைத்தால் அதனை மாற்றிக்கொள்வீர்கள் என்பதையும் உங்கள் உள்ளத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். எச்சான்றும் தம் கருத்தை மாற்றாது என்பார் வாதிக்க வந்தவர் அல்லர், ஆணையிட வந்தவர். மணி அடித்து மன்றம் கலைந்த பின், எதிரணியில் நின்ற தோழனோடு சேர்ந்தே வகுப்புக்குச் செல்லுங்கள்.

இன்னும் சில ஆண்டுகளில் நீங்கள் வாக்குரிமை பெறுவீர்கள். உங்கள் வீட்டிலேயே தந்தை ஒரு சின்னத்திற்கும், தாய் வேறொரு சின்னத்திற்கும், நீங்கள் மூன்றாவது ஒன்றிற்கும் வாக்களிக்க நேரலாம். அதனால் வீடு பிளந்துவிடாது. வாக்குச் சாவடியில் மறைவாக முத்திரையிட்டோ பொத்தானை அழுத்தியோ நாம் தெரிவிப்பது நம் கருத்து. வெளியே வந்து அயலாரோடு நாம் பழகும் முறையே நம் பண்பு. கருத்தைத் துணிந்து கூறுவோரும், மாற்றுக் கருத்தைப் பொறுத்துக் கேட்போரும் மிகுதியாக உள்ள நாட்டில்தான், குறையுடையார் குரல் அவைக்கு எட்டும்; அவ்வாறு எட்டிய குறைகளே தீரும்.